கணக்கு வாத்தியார் சங்கம் கலையலாமா?

கணித ஆசிரியர்கள் மூன்று பேர் சென்ற மாதம் நமது அலுவலகத்துக்கு வந்திருந்தனர். ஒருவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். மற்ற இருவர் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவர் பெண். இரண்டாண்டுகளுக்கு முன் தங்கள் வட்டாரத்தில் கணித ஆசிரியர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்களாம். தொடக்க விழாவுக்கு நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். மாலை, மேடை, ஒலிபெருக்கி, பெரிய மனிதர்களின் வாழ்த்துரை எல்லாம் இருந்தன. கடைசியாகக் கூடிய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்தே பேர். அந்த ஐவரில் மூவர்தான் நம்மிடம் வந்தவர்கள்.

"நீங்கள் சங்கம் நடத்திப் பழகியவர்கள். ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் உங்கள் சங்கங்கள் அடிபட்டும் நிற்கின்றன. எங்களை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் எங்கள் சங்கம் கரைகிறதே, ஏன்?" என்று அவர்கள் கேட்டார்கள்.

அவர்களுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

கணக்கு வாத்தியார்களின் சங்கம் இருந்தால் என்ன, கலைந்தால் என்ன, நமக்கு அதில் லாபமென்ன, நஷ்டமென்ன என்று ஆலைத் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுவோம்.

பறிப்பது கணக்கால்தான்

தடியால் அடித்துப் பறிப்பது என்றோ ஒரு நாள். கணக்கால் பறிப்பது அன்றாடம்.

ஆலைத் தொழிலாளியின் பஞ்சப்படியை எடுத்துக் கொள்ளுங்கள். அகில இந்தியத் தொழிலாளர் விலைவாசிப் புள்ளி முன்பு 1982-ஐ அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. பிறகு 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடர் வந்தது. 2020 செப்டம்பர் மாதத்திலிருந்து 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடர் அமலுக்கு வந்தது. இந்தப் புள்ளியை 2001 தொடருக்கு மாற்ற 2.88-ஆல் பெருக்க வேண்டும். அங்கிருந்து 1982 தொடருக்குப் போக, மேலும் 4.63-ஆல் பெருக்க வேண்டும். ஆக, 2016 தொடரில் 1 புள்ளி ஏறினால், 1982 தொடரில் 13 புள்ளிக்கு மேல் ஏறியதாக அர்த்தம். ஒப்பந்தத்தில் 1982 தொடரின் புள்ளிக்கு மாதம் 4 ரூபாய் என்று எழுதியிருப்பதாக வைத்துக் கொள்வோம். 53 ரூபாய் ஏற வேண்டிய இடத்தில், "ஒரு புள்ளிதானே ஏறியிருக்கிறது" என்று சொல்லி 4 ரூபாயைக் கையில் வைக்க ஒரு நிர்வாகம் முயன்றால், அதைத் தடுப்பது எது? கோஷம் வேண்டும், ஆனால் கோஷத்துக்கு முன்னால் பெருக்கல் வேண்டும்!

தண்டல்காரனிடம் வருவோம். 900 ரூபாயைக் கையில் தருகிறான். தினம் 10 ரூபாயாக 100 நாள் வசூலிக்கிறான். "ஆயிரத்துக்கு நூறு ரூபாய்தானே வட்டி, நூற்றுக்குப் பத்துத்தானே" என்கிறான். ஆனால் நூறு நாளும் அந்த 900 ரூபாய் உங்களிடம் இல்லை. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக் கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் நின்ற பணம் சுமார் 450 ரூபாய். அதற்கு நூறு நாளில் வட்டி 100 ரூபாய். வருஷத்துக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 80 ரூபாய்க்கு மேல்! கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டியைக் கணக்கிட்டுப் பார்க்கத் தெரியாதவனுக்கு அந்தச் சட்டம் எந்த விதத்தில் உதவும்?

விவசாயத் தொழிலாளிக்கு நாம் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது வேறொரு மரக்கால் என்று வைத்திருந்த மிராசுதார்களுக்கு எதிராக, "கள்ள மரக்கால் ஒழிக, முத்திரை மரக்கால் வேண்டும்" என்று 1940-களில் கீழத்தஞ்சையில் எழுந்த குரலை மூத்த தோழர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூடுதல் நெற்கூலி கேட்டுப் போராடிய வெண்மணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அளவும் கணக்கும் நம் வர்க்கத்துக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அவற்றுக்காக ரத்தம் சிந்தியிருக்கிறோம்.

அப்படிப்பட்ட கணக்கை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பவர் யார்? ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அவர் இல்லாவிட்டால் டியூஷன் உண்டு, கோச்சிங் உண்டு, படித்த தாய் தகப்பன் உண்டு. நம் பிள்ளைக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்கு எட்டில் இயற்கணிதம் புரியாது. பத்தில் தேர்வுத்தாளைப் பார்த்ததும் கை நடுங்கும். பிறகு, "எனக்குக் கணக்கு வராது" என்று தன் மீதே தீர்ப்பெழுதிக் கொண்டு, அப்பன் நின்ற மிஷினின் முன்னால் வந்து நிற்கும். கணக்கு வராத மூளை என்று ஒன்று தொழிலாளி வீட்டில் மட்டும் பிறப்பதில்லை, தோழர்களே! கணக்குப் புரியும்படி சொல்லப்படாத பிள்ளைகள்தான் நம் வீடுகளில் வளர்கிறார்கள்.

அந்த ஆசிரியரும் தனியாகத்தான் தவிக்கிறார். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர் என்றுதான் கேட்கிறது. தேர்தல் வேலைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியரை அனுப்பலாம் என்றும் அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. கிராமத்து நடுநிலைப் பள்ளியில் தாம் சொல்லிக் கொடுப்பது சரியா என்று கலந்து பேசக்கூடப் பக்கத்தில் இன்னொரு கணித ஆசிரியர் இல்லாமல் காலம் தள்ளுபவர்கள் உண்டு. அந்தத் தனிமையை உடைக்கத்தான் சங்கம். தனித்தனி ஆளாக நின்ற தறிக்காரர்களும் கதிர்க்காரர்களும் ஏன் சங்கம் கண்டார்களோ, அதே காரணம்தான் இங்கும்.

பழைய அனுபவம் சொல்வது

இது புதிய முயற்சியும் அல்ல. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த கூத்தி என்ற ஊரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், கணிதத்தில் பற்றுக் கொண்டவர்களுக்குக் கடிதம் எழுதி 1907-ல் ஒரு கழகத்தைத் தொடங்கினார். ஆரம்ப உறுப்பினர்கள் 20 பேர். கணிதப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் பொதுவில் வாங்கி, உறுப்பினர்கள் மாற்றி மாற்றிப் படிப்பது என்பதே ஏற்பாடு. 1909-ல் சொந்தப் பத்திரிகையும் வந்தது. அதுதான் பின்னர் இந்தியக் கணிதக் கழகம் என்று பெயர் பெற்றது.

1910-ல் ஓர் ஏழை வாலிபர் திருக்கோயிலூரில் அதே ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டு வந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் கல்லூரிப் படிப்பை இழந்தவர் அவர். கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இவரைத் தாலுகா ஆபீஸ் வேலையில் அமுக்கிவிடக் கூடாது என்று, ஆதரிக்கக் கூடியவர்களிடம் அனுப்பி வைத்தார். அந்த வாலிபர்தான் ராமானுஜன். அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1911-ல் அந்தக் கழகத்தின் பத்திரிகையில்தான் வெளியாயிற்று.

ராமானுஜன் பெருமையெல்லாம் தெய்வ அருள் என்று சொல்வோருண்டு. அவருடைய பக்தி அவரோடு. ஆனால் அவர் எழுதியதை அச்சில் கொண்டு வந்த பத்திரிகை வானத்திலிருந்து விழவில்லை. சந்தா கட்டியவர்களும், அச்சுக்கு அனுப்பியவர்களும், மெய்ப்புத் திருத்தியவர்களும் அதை நடத்தினார்கள். மேதை தனியாகப் பிறக்கலாம். அவனை உலகம் அறியச் செய்வதற்கு ஒரு ஸ்தாபனம் வேண்டியிருக்கிறது.

அந்த ஸ்தாபனத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அதன் வருஷச் சந்தா 25 ரூபாய். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனுக்கு மாதச் சம்பளம் 30 ரூபாய்! ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைச் சந்தாவாகக் கேட்டால் யார் சேர முடியும்? கல்லூரிப் பேராசிரியரும் அதிகாரியும் சேரலாம். திண்ணைப் பள்ளி வாத்தியார் எட்டி நின்று பார்க்கலாம்.

பள்ளி ஆசிரியரைக் கணக்கில் எடுத்துக் கொண்ட சங்கம் சென்னையில் பிறந்தது 1965-ல். இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்பது அதன் பெயர். அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன். துறைமுகத்துச் சுமை தூக்குவோரும் கடைச் சிப்பந்திகளும் வாழும் வடசென்னைப் பகுதியில் பாடம் சொன்னவர். ராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டினார். அத்தொகுதி 1968-ல் வெளிவந்தது. வெளியிட்டவர்கள் அப்பள்ளியைச் சேர்ந்தவர்களே. 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரால் கணிதக் காட்சிக்கூடம் எழுவதற்கும் அவரே காரணமாக இருந்தார். 2005-ல் அவர் மறைந்தார். அவர் உழைத்த சங்கம் மறையவில்லை. ஆசிரியர்களுக்கென்று ஒரு பத்திரிகை, மாணவர்களுக்கென்று ஒரு பத்திரிகை, போட்டித் தேர்வுகள், மகாநாடுகள் என்று பல பத்தாண்டுகள் அது வேலை செய்து வந்திருக்கிறது.

கரைந்து போன வட்டாரச் சங்கத்துக்கும் நின்ற சங்கத்துக்கும் வித்தியாசம் என்ன? ஒன்று விழாவோடு பிறந்தது, மற்றொன்று வேலையோடு வளர்ந்தது. நம்மிடம் வந்த மூவரோடு உட்கார்ந்து பேசியதில் நான்கு நோய்கள் தென்பட்டன. தொழிற்சங்கத்தில் நாமே பட்டுத் தெளிந்த நோய்கள்தாம் இவை.

நான்கு நோய்கள்

முதல் நோய், பெரிய மனிதரைத் தலைவராக்குவது. அதிகாரி தலைவராக இருந்தால் கூட்டத்துக்கு ஆள் வரும். அவர் மாற்றலாகிப் போனதும் சங்கமும் மாற்றலாகிப் போகும். அவருக்கு முன்னால், "எனக்கே இந்தப் பாடம் சரியாகப் புரியவில்லை" என்று எந்த ஆசிரியர் வாய் திறப்பார்? புரியாததைப் புரியவில்லை என்று கூசாமல் சொல்லும் இடமாக இருந்தால்தான் அது ஆசிரியர் சங்கம். பெரியவர்களை விருந்தாளியாக அழையுங்கள். பொறுப்பை வகுப்பில் நிற்பவர் கையில் கொடுங்கள்.

இரண்டாவது நோய், கூட்டம் என்றால் சொற்பொழிவு என்று நினைப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கூடி இரண்டு மணி நேரம் பேச்சுக் கேட்டுவிட்டுக் கலைவதற்கு எவரும் பஸ் ஏறி வரமாட்டார். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ஆசிரியர் ஒரு பாடத்தைத் தாம் எப்படி நடத்துகிறார் என்று மற்றவர்கள் முன் நடத்திக் காட்டட்டும். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்பதைச் சப்பாத்தியை மடித்துக் காட்டினாரா, கயிற்றை மடித்துக் காட்டினாரா? பிள்ளை எந்த இடத்தில் இடறியது? இதைப் பேசுங்கள். வந்தவர் திரும்பிப் போகும்போது மறுநாள் வகுப்புக்கு உதவும் ஒரு பொருளாவது கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் டவுனில் கூடினால் மறு மாதம் கிராமப் பள்ளியில் கூடுங்கள். பெண் ஆசிரியர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேரும்படி நேரம் குறியுங்கள். நம்மிடம் வந்த பெண் ஆசிரியர் இதைத்தான் முதலில் சொன்னார். இரவு ஏழு மணிக்குக் கூட்டம் தொடங்கினால் பாதிப்பேர் வராமல் போவதில் ஆச்சரியம் என்ன?

மூன்றாவது நோய், எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டுவது. அந்தச் சங்கத்தின் காரியதரிசிதான் அழைப்பு எழுதினார், அவரே சந்தா வாங்கினார், அவரே நாற்காலி போட்டார். அவர் மகள் கல்யாண வேலையில் இறங்கியதும் மூன்று மாதம் கூட்டமே இல்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் சங்கமே தோன்றியிராது. ஆனால் தொண்டருக்கு அழகு உழைப்பது மட்டுமல்ல. தமக்குப் பின்னால் வேலையை ஏற்கக் கூடியவர்களை உருவாக்குவதும்தான். இந்த வேலைக்கு இவர் என்று பிரித்துக் கொடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பொறுப்பை மாற்றுங்கள். நேற்று வேலைக்கு வந்த வாலிப ஆசிரியரிடம் சுற்றறிக்கை எழுதும் வேலையைத் தைரியமாகக் கொடுங்கள். நாலு பக்கம் போதும். நல்ல தமிழில், பிள்ளையிடம் மறுநாளே பயன்படுத்தக் கூடியதாக இருக்கட்டும்.

சந்தா விஷயமும் இதோடு சேர்ந்ததே. 1907-ன் தவறை மறுபடி செய்யாதீர்கள். தற்காலிக வேலையில் குறைந்த சம்பளம் வாங்கும் ஆசிரியராலும் கட்டக் கூடிய தொகையாகச் சந்தா இருக்க வேண்டும். ஆனால் சந்தாவே வேண்டாம், யாராவது தர்மப் பிரபு தருவார் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பணம் கொடுப்பவன் பிறகு பாட்டையும் தானே நிர்ணயிப்பான். மாதம் சிறு தொகை, கையில் ரசீது, வருஷக் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் வரவு செலவு. "கணக்கன் கணக்கறிவான், தன் கணக்கைத் தான் அறியான்" என்பது பழமொழி. கணக்கு வாத்தியார்கள் சங்கத்திலேயே கணக்கு சொல்லப்படவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

நான்காவது நோயே பெரிய நோய். முதல் மாணவன் மீது மட்டும் கண் வைப்பது. போட்டித் தேர்வு நடத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ராயபுரத்துச் சந்திலிருந்தும் கரிசல் கிராமத்திலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளியே வரட்டும். ஆனால் நூறு பேரில் பத்துப் பேருக்குப் பரிசு கொடுத்துப் படம் பிடித்துவிட்டால் சங்கத்தின் வேலை முடிந்து போகிறதா? மீதித் தொண்ணூறு பேர் யார் பிள்ளைகள்? பெருக்கல் வாய்ப்பாடு தெரியாமல் ஏழாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்தச் சங்கத்தின் பொறுப்பு? அந்தப் பிள்ளையைப் பற்றி மாதாமாதம் பேசும் சங்கத்துக்கு வேலை தீராது. வேலை தீராத சங்கம் கலையாது. ராமானுஜனும் ஒரு காலத்தில் தேர்வில் தோற்ற மாணவர்தான் என்பதை ஆசிரியத் தோழர்கள் மறக்க வேண்டாம்.

நம் கடமை

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கணித ஆசிரியர் சங்கத்தைக் கண்டதும், அதை நம் அமைப்பின் கிளையாக்கிக் கொடி கட்ட வேண்டும் என்று சில உற்சாகிகளுக்குத் தோன்றும். அது தவறு. அந்தச் சங்கத்தில் எல்லாக் கருத்தினரும் இருப்பார்கள், இருக்க வேண்டும். சம்பளம், பென்ஷன், மாற்றல் ஆகியவற்றுக்குப் போராட ஆசிரியர்களுக்கு வேறு சங்கங்கள் உண்டு. அந்த வேலையை இதன் தலையில் ஏற்றினால் இரண்டும் கெடும். அதே சமயம், காலியிடங்களை நிரப்பாமல் ஒரே ஆசிரியரை மூன்று வகுப்புக்கு ஓடவிட்டுவிட்டு, "கணிதத்தில் தேர்ச்சி குறைகிறது" என்று சர்க்கார் அவரையே குற்றம் சாட்டினால், உண்மை நிலவரத்தைப் புள்ளிவிவரத்தோடு எடுத்து வைக்க இந்தச் சங்கம் தயங்கக் கூடாது. பாடம் சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்பது அரசியலானால், அந்த அரசியல் நல்ல அரசியலே.

தொழிற்சங்கங்கள் செய்யக் கூடியது நிறைய உண்டு. இடமில்லாமல் தவிக்கும் ஆசிரியர்களுக்கு மாதத்தில் ஒரு மாலை நம் சங்கக் கட்டடத்தைத் திறந்து விடுங்கள். சம்பளச் சீட்டையும், புள்ளிக் கணக்கையும், தண்டல் நோட்டையும் அவர்களிடம் கொடுங்கள். சதவீதப் பாடத்துக்கு அவற்றைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? அதற்குப் பதிலாக, மாலை நேரத்தில் வாலிபத் தொழிலாளர்களுக்குத் தசமமும் சதவீதமும் சொல்லித் தரும்படி கேளுங்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆசிரியரும் வாலிபரும் கிராமம் கிராமமாகச் சென்று எழுத்தையும் எண்ணையும் கொண்டு போகவில்லையா? அந்த மாவட்டத்தில் கல்லுடைத்துப் பிழைத்த பெண்கள் குவாரிக் குத்தகையைத் தாங்களே எடுத்து நடத்திய வரலாறு அந்தக் காலத்ததே. உழைப்பவர் கையில் கணக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதுமே!

பிள்ளையைப் பெற்றவர்களும் வர வேண்டும். வருஷத்தில் ஒரு நாளாவது அந்தச் சங்கம் நடத்தும் கணிதக் காட்சிக்கு வேலை உடையோடாவது போய் நில்லுங்கள். மார்க்கு வாங்கவில்லை என்று பிள்ளையை அடிப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் புரியவில்லை என்று வாத்தியாரிடம் கேளுங்கள். நமக்கே கணக்குத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். பாத்தி கட்டி அளக்கிறவனுக்கும், கதிர் எண்ணி நூல் இழுக்கிறவளுக்கும் கணக்குத் தெரியாமலா இருக்கிறது? தெரிந்ததை எழுத்தில் கொண்டு வரும் வழிதான் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த மூன்று ஆசிரியர்களும் விடைபெறும்போது, "ஐந்து பேரை வைத்துக் கொண்டு என்ன செய்ய முடியும்?" என்று மறுபடியும் கேட்டார்கள். விழாவுக்கு வந்த நாற்பது பேரைவிட, விழா முடிந்த பின்னும் வந்த ஐந்து பேர் பெரியவர்கள். ஆலைச் சங்கங்கள் பல, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாறு பேரிடமிருந்துதான் வளர்ந்தன. ஐந்து பேரும் அடுத்த மாதம் ஆளுக்கு ஒருவரை அழைத்து வந்தால் பத்து. அதற்கடுத்த மாதம் பத்துப் பேரும் அப்படியே செய்தால் இருபது. இந்தப் பெருக்கலைக் கணக்கு வாத்தியார்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை!

ஆசிரியத் தோழர்களே, கலையாதீர்கள்! ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே, அவர்களைக் கலைய விடாதீர்கள்! நம் பிள்ளைகளின் கணக்கு இன்னும் தீரவில்லை.